கம்ப்யூட்டரில் வற்றாத ஆறு

நிலத்தடி நீர் அலுவலகத்தில் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிணற்றுக்குள் நாடாவை இறக்கினால் நுனி தண்ணீரைத் தொட்டதும் ‘பீப்’ என்று கத்துகிற கருவி ஒன்று, பத்தொன்பது வருடமாக அவள் தோளில் தொங்கியது. மாதம் ஒரு முறை அறுபத்துநான்கு கிணறுகள். நாய்கள் துரத்தின, வீட்டுக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள், ஒருமுறை நாடாவோடு தவளை மேலே வந்தது. நிலத்தடி நீரோட்டத்தை ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் வந்தபோது பட்டம் வாங்கிய இரண்டு பொறியாளர்கள் பயிற்சிக்குப் போனார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் வேறு வேலைக்குத் தாவினார்கள். மிஞ்சியவள் இவள்தான். நாற்பத்தோரு வயதில் கையேட்டோடு மல்லுக்கட்டித் தானே கற்றுக்கொண்டாள்.

வேலை இதுதான். நகரத்தின் கிழக்குப் பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மழை எவ்வளவு இறங்கும், மண் எவ்வளவு தண்ணீரை விடும், மோட்டார் எவ்வளவு உறிஞ்சும் என்று சொல்லிக் கொடுத்தால், பத்து வருடம் கழித்துக் கிணறுகள் எப்படி இருக்கும் என்று அந்த மென்பொருள் சொல்லும். இப்படிக் கட்டிவைத்த கணக்குக்கு மாடல் என்று பெயர். நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்கிறது என்பது மட்டும் பெரிய மனிதர்களுக்கு வசதியாக மறந்துபோகும்.

தண்ணீர் பாட்டில் கம்பெனி ஒன்று கிழக்கே ஏழு ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதி கேட்டது. அவள் மாடலை ஓட்டினாள். பத்து வருடத்தில் நீர்மட்டம் அரை அடிதான் இறங்கும் என்று வந்தது. மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். ஊர்மக்களின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் காட்ட வண்ணப்படம் அச்சாகி வந்தது, கீழே அவள் கையெழுத்தோடு. அவளும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்துவைத்தாள். பெருமைதான், வேறென்ன.

கணவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி குனிந்து பார்த்தார்.

“இந்த நீலக் கோடு என்ன?”

“ஆறுங்க.”

“கோடைக் கடைசின்னு மேல போட்டிருக்கே. நேத்து அந்த ஆத்துக்குள்ளதான் பைக்க விட்டு அக்கரைக்குப் போனேன். உங்க ஆபீஸ் ஆத்துல மட்டும் எப்படிம்மா தண்ணி ஓடுது?”

அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். அவள் படத்தைச் சுருட்டிவைத்தாள்.

காலையில் முதல் வேலையாகக் கோப்பைத் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு மாடலைக் கட்டியபோது, ஆற்றை வற்றவிட்டால் கட்டங்கள் காய்ந்து கணக்கு பாதியில் நின்றுவிடும், சிவப்பு எழுத்தில் திட்டும். நான்கு நாள் முட்டி மோதிவிட்டு, இப்போதைக்கு இருக்கட்டும் என்று ஆற்றின் மட்டத்தை வருடம் முழுக்க ஒரே அளவில் நிறுத்திவைத்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற சின்னத் திருட்டுத்தனம். மற்றவர்கள் பிறகு எடுத்துவிடுவார்கள், இவள் எடுக்க மறந்துபோனாள். மழைக்காலத்து அளவுகளோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கணக்கில் கம்பெனி உறிஞ்ச உறிஞ்ச, ஊரில் இல்லாத ஆறு நிலத்துக்குள் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

மாடலில் வருடத்துக்கு எட்டு மாதம் ஆற்றை வற்றவிட்டு மறுபடி ஓட்டினாள். கணக்கு நிற்காமல் ஓடவே மூன்று நாள் பிடித்தது. மூன்றாவது கோடையில் அறுபத்துநான்கில் நாற்பத்தொன்று காய்ந்தன. பள்ளிக்கூடத்துக் கிணறு, சலவைக்காரர் கிணறு, அந்தத் தவளை வந்த கிணறு. ஒவ்வொன்றின் கைப்பிடிச் சுவரும் அவளுக்குத் தெரியும்.

மேலதிகாரியிடம் போனாள்.

“மாடல் தப்பு சார். நான்தான் தப்பா வச்சிட்டேன். நாளைக்கு அந்தப் படத்தைக் காட்டாதீங்க.”

“மூணு வருஷமா சரியா இருந்தது இன்னிக்குத் தப்பாயிடுச்சா? தப்புன்னு சொன்னா மெமோ உங்களுக்குத்தாம்மா வரும். வேலையே போனாலும் போகும். பேசாம ஆத்துல பழையபடி தண்ணிய விடுங்க.”

“வெளிய இருக்கிற ஆத்துல நீங்க விடுங்க சார். மறு நிமிஷம் கம்ப்யூட்டர்ல நான் விடறேன்.”

அவர் முகம் செத்துப்போனது. கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. மறுநாள் அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

திரையில் பழைய படம் வந்தது. நீலமாக, வெட்கமே இல்லாமல் ஆறு ஓடியது. அவள் எழுந்தாள்.

“கீழ இருக்கிற கையெழுத்து என்னுது. வாபஸ் வாங்கிக்கிறேன். இதுல இருக்கிற ஆறு வத்தாது. நான் அப்படி வச்சுட்டேன். வத்த விட்டா, மூணு கோடையில உங்க நாப்பத்தொரு கிணறு காலி.”

கம்பெனிக்காரர் சிரித்தார். “ஒரு தடவை தப்பு பண்ணினவங்க சொல்றத ரெண்டாவது தடவை எப்படிம்மா நம்புறது?”

“என்னை நம்ப வேணாம். ஆறு இங்கிருந்து அஞ்சு நிமிஷ நடைதான். வாங்க, போய்ப் பார்த்துட்டு வந்து இந்தப் படத்தையும் பாருங்க.”

சலவைக்காரர்தான் முதலில் எழுந்தார். பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் மேலதிகாரி சொன்னது எதுவும் கேட்கவில்லை. மண்டபமே வெயிலில் போய் வறண்ட மணலில் நின்றது. அன்றைக்கு அனுமதி கிடைக்கவில்லை. விண்ணப்பம் திரும்பிப் போனது.

சொன்ன மாதிரியே மெமோவும் வந்தது. தவறான மாடலைத் தயாரித்ததற்கு ஏழு நாளில் விளக்கம் அளிக்க வேண்டுமாம். ஏழு நாள் எதற்கு? வந்த மெமோவின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

‘ஆறு வற்றும் என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல மறந்தது என் தவறு. தங்களுக்குச் சொன்னேன். தாங்கள் கேட்காதது யார் தவறு என்று விளக்கம் கோருகிறேன்.’