ஷ்லேன்பாக் வீட்டுப் பங்காளிகள்

சுடவைத்த வினிகரின் புளிப்பு வாசம் வேலியைத் தாண்டி வந்தால் அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்துவாள். ஜன்னல் சாத்தப்பட்டால் பக்கத்து வீட்டு டோரிஸ் ஆன்ட்டி உருளைக்கிழங்கு சாலட் செய்கிறார் என்று அர்த்தம். சாலட் செய்தால் அவர் யாரையோ எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம். டெக்சஸ் மாநிலத்துப் பேர்லேண்டில், மதிய வெயிலில் தெருவே கண்ணை மூடிக்கிடக்கும் கோடை நாட்களில், சில்வண்டுகளின் இரைச்சலுக்கு நடுவே வேலி ஓரம் படுத்துக்கொண்டு நான் உலகத்தை இப்படித்தான் வாசத்தால் தெரிந்துகொண்டேன். எதிர்பார்த்த ஆட்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மிஞ்சிய சாலட்டை ஆன்ட்டி வேலிக்கு மேலே நீட்டுவார், "பேக்கன் போடலை, பன்னிக்கறி சாப்பிடமாட்டீங்களேன்னு உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சேன்" என்பார், அம்மா நன்றி சொல்லி வாங்கி, மிளகாய்ப்பொடியும் கறிவேப்பிலையும் போட்டு மறுபடி தாளித்துவிடுவாள்.

ஆன்ட்டியின் முழுப்பெயர் டோரிஸ் ஷ்லேன்பாக். பள்ளிப் பேருந்துகளை எந்தத் தெருவுக்கு எது என்று அனுப்பிவைக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர். தன் பெயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் சின்னப் பெண் ஆகிவிடுவார். ஜெர்மனியில் எங்கோ ஒரு சின்ன ஓடை, அதன் கரையில் கருநீலப் பழம் பழுக்கும் முட்செடிகள், அந்த ஓடையோரம் குடியிருந்தவனுக்கு ஊர் வைத்த பெயர் அது. அங்கேயே அந்தப் பெயர்க்காரர்கள் கைவிரலில் அடங்குவார்களாம். ஆகஸ்ட் ஷ்லேன்பாக் என்ற அவருடைய கொள்ளுத்தாத்தா வாலிபனாகக் கப்பல் ஏறி கால்வெஸ்டனில் இறங்கி, பிராசோஸ் ஆற்றோரம் பருத்தி நிலம் வாங்கினார். "இந்த நாட்டுல இந்தப் பேரோட யார் இருந்தாலும் அவங்க அந்த ஒரே மனுஷன்கிட்டேர்ந்து வந்தவங்க" என்று ஆன்ட்டி பெருமையாகச் சொல்வார். கூடவே, யாரும் கேட்காமலே, "எங்க வீட்ல யாரும் அடிமை வெச்சிருக்கலை, எல்லாம் எங்க கையால உழைச்சதுதான்" என்றும் சொல்வார்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "நம்மூர்ல ஓடைக்காட்டுக்காரர்னு சொல்றதில்லையா, அந்த மாதிரிதான்" என்றார். அம்மா கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துக்காரி. அவள் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். "அப்ப அது கூட்டப் பேருங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் பங்காளிகள், எத்தனை தலைமுறைக்கு முன்னால் பிரிந்திருந்தாலும் அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. அன்றிலிருந்து அம்மாவைப் பொறுத்தவரை ஷ்லேன்பாக் என்பது ஜெர்மனியில் இருக்கும் ஒரு கூட்டம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுப் பெயர்களோ ஆன்ட்டிக்குப் பெரிய குழப்பம். அப்பா சுந்தரம் கந்தசாமி, அம்மா மாலதி சுந்தரம், நான் கவிதா சுந்தரம். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு கடைசிப் பெயர், அம்மாவுக்கும் எனக்கும் வேறொன்று. "அப்போ கந்தசாமி?" என்று ஆன்ட்டி கேட்டார். கந்தசாமி தாத்தா அப்பாவோடு நின்றுவிடுவார் என்று அப்பா விளக்கியபோது அவர் முகத்தில் உண்மையான பதற்றம். "தலைமுறைக்குத் தலைமுறை ஒரு பேரைத் தூக்கிப் போட்டுடுவீங்களா?" அப்பா சிரித்தார். ஆன்ட்டியால் சிரிக்க முடியவில்லை. அவருக்கு ஒரே தம்பி, சின்ன வயதிலேயே வியட்நாம் போரில் செத்துப்போனவன். "நான் போனா இந்தப் பேரும் போச்சு" என்று அவர் சொன்னபோது, வேலியின் பலகை இடுக்கில் எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஏனோ அழுகை வந்தது. ஒரு பெயர் எப்படிச் சாகும் என்று அன்று ராத்திரி படுக்கையில் யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் தடித்தடியாக டெலிபோன் டைரக்டரி உண்டு. ஆன்ட்டி எந்த ஊருக்குப் போனாலும், மோட்டலில் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த ஊர்ப் புத்தகத்தில் தன் பெயரைத் தேடுவார். பெரும்பாலான ஊர்களில் ஒருவரும் இல்லை. பியூமாண்ட் புத்தகத்தில் மட்டும் ஷ்லேன்பாக்குகள் வரிசையாக இருந்தார்கள்! அன்று அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய தட்டு எனக்கு இன்றும் கேட்கிறது. தொலைந்துபோன சொந்தமெல்லாம் ஒரே ஊரில், காரில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில். அறுபதாவது பிறந்தநாளை ஒட்டித் தன் வீட்டுத் தோட்டத்தில் குடும்பம் கூடும் விழா ஒன்றை வைக்கப்போவதாகச் சொல்லி, எல்லா முகவரிக்கும் அழைப்பு அட்டை அனுப்பினார்.

பதில் வரவில்லை. தினமும் தபால் வண்டி போன பிறகு ஆன்ட்டி பெட்டிவரை நடந்துபோய்த் திரும்பிவருவதை அம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் போனை எடுத்தாள். விசேஷ வீட்டில் பந்தி காலியாகக் கிடப்பது அம்மாவால் தாங்கக்கூடிய விஷயம் இல்லை. கோயிலில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அழைத்து, "பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அறுவது ஆகுதுங்க, ஃபங்ஷன் வெச்சிருக்காங்க, சொந்தம்னு ஆருமே வரமாட்டாங்களாட்ட இருக்குது, நாமதான் போகோணும்" என்று சொன்னாள். அழைப்பு போன வீடுகளில் ஒன்று சென்னைக்காரர் வசந்தா ஆன்ட்டியின் வீடு. பேர்லேண்டில் சீமந்தமோ கிரகப்பிரவேசமோ அவர் இல்லாமல் நடக்காது. அறுபது, ஃபங்ஷன் என்ற இரண்டையும் கேட்ட மாத்திரத்தில் அவர் மனதில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. மணமகன் எங்கே என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

விழா நாளை இப்போது நினைத்தால் கனவில் கண்டது போலத்தான் இருக்கிறது. பீக்கன் மரத்தடியில் வெள்ளை விரிப்பு போட்ட மேசைகள், ஆகஸ்ட் கொள்ளுத்தாத்தாவின் பழுப்பேறிய படம், காற்றில் மெல்லத் தூக்கிக்கொள்ளும் காகிதத் தட்டுகள், நடுவே காலி நாற்காலிகள். மதியம் வேன் வேனாக வந்து இறங்கியவர்கள் அத்தனை பேரும் பட்டுப்புடவையிலும் ஜிப்பாவிலும் இருந்தார்கள். அலுமினிய ட்ரேக்களில் புளியோதரையும் தயிர்சாதமும் வடையும் மேசை மேசையாக ஏறின. ஆன்ட்டி திகைத்துப்போனாலும் மரியாதை விடாமல் ஒவ்வொருவர் சட்டையிலும் புடவையிலும் பெயர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். ராமகிருஷ்ணன், அழகப்பன், சிவசுப்ரமணியம் என்று தோட்டம் நிறைந்தது. ஷ்லேன்பாக் என்று ஒட்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

அப்போது தெருவில் ஒரு பழைய காரை நிறுத்திவிட்டு, கோட்டும் தொப்பியும் அணிந்த ஒரு கறுப்பின மனிதர், கையில் ஃபாயில் சுற்றிய கேக்கோடு உள்ளே வந்தார். ஆன்ட்டியின் வயது இருக்கும். மேசையில் இருந்த ஸ்டிக்கரை எடுத்து, தானே நிதானமாக 'வால்ட்டர் ஷ்லேன்பாக்' என்று எழுதி மார்பில் ஒட்டிக்கொண்டார். ஆன்ட்டி அதைப் படித்தார். கை நீட்டினார், குலுக்கினார், "வந்ததுக்கு சந்தோஷம்" என்றார். வால்ட்டர் அங்கிள் மரத்தடியில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். ஆன்ட்டி மறு ஓரத்தில் நின்று தேவையில்லாமல் கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நடுவில் வந்தவர் வசந்தா ஆன்ட்டி. இரண்டு ஸ்டிக்கரையும் படித்தார், ஒரே கடைசிப் பெயர், ஒரே வயது, ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு. புருஷன் பெண்டாட்டி சண்டை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கூடையிலிருந்து இரண்டு பெரிய கார்னேஷன் மாலைகளை எடுத்தார். "அங்கிள், கம் கம், என்ன தனியா போய் உக்காந்துட்டீங்க? ஆன்ட்டி பக்கத்துல நில்லுங்க, மாலை மாத்தணும், போட்டோ எடுக்கணும்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தி, ஆளுக்கொரு மாலையைக் கையில் கொடுத்தும்விட்டார். வடைத் தட்டோடு வந்த அம்மா பார்த்துவிட்டு அலறினாள்.

"ஐயய்யோ, நிறுத்துங்க! ரெண்டு பேரும் ஒரே கூட்டமுங்க! அண்ணன் தங்கச்சி மொறைங்க!"

அம்மா என்ன சொல்கிறாள் என்று டோரிஸ் ஆன்ட்டி என்னைக் கேட்டார். நான் உள்ளது உள்ளபடி ஆங்கிலத்தில் சொன்னேன்: நீங்கள் இரண்டு பேரும் ஒரே பெயர், அதனால் அண்ணன் தங்கை, மாலை மாற்றக்கூடாது என்கிறாள் அம்மா.

வால்ட்டர் அங்கிள் என் அம்மாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு மாலையைக் கையில் வைத்துக்கொண்டே ஆன்ட்டியிடம் சொன்னார்: "அந்தம்மா சொல்றது சரி. என் கொள்ளுத்தாத்தா உங்க பருத்திக் காட்டுலதான் அடிமையா பொறந்தாரு. அவரோட அம்மாவும் அங்க அடிமைதான். அப்பா யாருங்கறது எங்க வீட்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்க வீட்லதான் யாரும் சொல்லிக்கலை போல." மேசைமேல் இருந்த படத்தை அவர் விரலால் சுட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். "உங்க அட்டையைப் பார்த்து எங்க ஆளுங்க சிரிச்சாங்க. நான் மட்டும் உங்க முகத்தைப் பார்க்கணும்னு கிளம்பி வந்தேன்."

ஆன்ட்டி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். காற்று அடித்தது, தட்டுகள் பறந்தன, யாரும் எடுக்கவில்லை. "உங்க கொள்ளுத்தாத்தாவோட பேர் என்ன?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆகஸ்ட்."

ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லாமயா? பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, தம்பி மக்கள், அவங்க பிள்ளைங்க. எங்க தெருவுல கல்லை விட்டா ஏதாவது ஒரு ஷ்லேன்பாக் மேலதான் விழும்."

ஆன்ட்டி அழுதார். செத்துப்போகும் என்று பயந்த பெயர் ஒரு தெரு முழுக்க உயிரோடு இருக்கிறதே என்று அழுதாரா, அது அங்கே போய்ச் சேர்ந்த வழியை நினைத்து அழுதாரா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும்தான் என்று இன்று நினைக்கிறேன். அம்மா முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்தாம ஆளுக்கொண்ணு போட்டுக்கட்டும், தப்பில்லீங்க" என்று வழி சொன்னாள். அப்படியே போட்டுக்கொண்டார்கள். வசந்தா ஆன்ட்டி எடுத்த போட்டோவில் இருவரும் விறைப்பாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், கழுத்து நிறையப் பூவோடு நிற்கிறார்கள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆகஸ்ட் படம் வரவேற்பறைச் சுவரிலிருந்து இறங்கியது. அடிமை வைத்திருக்கவில்லை என்ற பேச்சை ஆன்ட்டி அதன்பிறகு எடுக்கவே இல்லை. அடுத்த கோடையில் அவராகவே சாலட் கிண்ணத்தோடு பியூமாண்டுக்கு காரோட்டிப் போனார். கிண்ணம் கிட்டத்தட்ட நிறைந்தபடியே திரும்பிவந்தது. ஆனாலும் போவதை அவர் விடவில்லை. நான் ஆஸ்டினுக்குப் படிக்கப் போன வருடம், கிண்ணம் காலியாக வந்ததையும், அதற்குள் யாரோ பிளம் ஜாம் பாட்டில் வைத்து அனுப்பியிருந்ததையும் அம்மா போனில் தலைப்புச் செய்தி போலச் சொன்னாள்.

இப்போது நான் அதே மாநிலத்தில் வடக்கே காப்பெல்லில் இருக்கிறேன். பேர்லேண்டில் அந்தத் தாழ்ந்த வேலியை எடுத்துவிட்டு ஆள் உயரத்துக்கு மேல் பலகை அடித்துவிட்டார்கள். பீக்கன் மரம் ஒரு புயலில் போனது. டெலிபோன் டைரக்டரி என்றால் என்ன என்று என் மகன் கேட்கிறான். அவன் பெயருக்குப் பின்னால் அவன் அப்பா பெயர்தான் இருக்கிறது, சுந்தரம் என்னோடு முடிகிறது. என் சின்ன வயதில் அப்பா சிரித்ததைப் போல என்னால் அதற்குச் சிரிக்க முடியவில்லை.

வால்ட்டர் அங்கிள் முதலில் போனார். டோரிஸ் ஆன்ட்டி கடந்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். பிராசோஸ் ஆற்றுப் பக்கம் ஆன்ட்டி வீட்டாரின் பழைய லூத்தரன் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. குடும்பத்தாருக்கென்று முன்வரிசையில் வெள்ளை ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். அது காலியாகவே கிடக்கப்போகிறது என்று சபைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது போல இருந்தது. அம்மாவும் நானும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது, வால்ட்டர் அங்கிளின் மகள் ரெஜினா, தன் அண்ணன்மார், பிள்ளைகள், கைக்குழந்தைகள் சகிதம் உள்ளே வந்தாள். வாசலில் நின்ற இளைஞன் மரியாதையாகத்தான், "முன்வரிசை குடும்பத்தாருக்கு" என்று சொல்லிப் பின்பக்கம் கைகாட்டினான். எழுந்திருக்கப் பார்த்த அம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

ரெஜினா குரலை உயர்த்தவில்லை. தன் முழுப்பெயரைச் சொன்னாள்.

அவன் கையிலிருந்த தாளில் அச்சடித்திருந்த ஆன்ட்டியின் பெயரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், காது வரை சிவந்துபோய், குனிந்து ரிப்பனை அவிழ்த்தான். அவர்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டே வந்தார்கள். முன்வரிசை போதவில்லை, அம்மாவும் நானும் எழுந்து, இடம் விட்டு, பின்னால் போனோம்.