விசாரணைக்கு வராத பாண்டி

காட்டுப்பன்றிகளை விரட்டத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டதிலிருந்து, என் வேர்க்கடலையைப் பன்றிகள்தான் அறுவடை செய்கின்றன.

இன்றும் ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் சத்தியவேடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் ஏட்டு குப்பம் பக்கத்துத் தமிழர். ஃபைலைப் புரட்டிவிட்டு முறைத்தார்.

"யாரால ஆபத்துன்னு எழுதிக்கீறியே, அந்த ஆளு இன்னும் விசாரணைக்கு வரல. அதான் பெண்டிங்ல கீது."

"எந்த ஆளு சார்?"

"பாண்டி."

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. தெலுங்கு அதிகாரிகளுக்குப் புரியட்டும் என்று, பன்றிக்கு அவர்கள் சொல்லும் 'பந்தி'யை நான்தான் ஆங்கில எழுத்தில் 'Pandi' என்று எழுதியிருந்தேன். மனிதர் அதைப் பாண்டி என்று படித்திருக்கிறார்!

சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னேன்: "ராத்திரி ஆனா என் நெலத்துக்குத்தான் சார் வந்துக்கினு கீறான், குடும்பத்தோட. நீங்களே வந்து புடிங்க."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நாளைக்கே வரேன்."

எனக்காக ஒருநாளும் வராத போலீஸ், பாண்டிக்காக வருகிறது.

நட்பு வட்டத்தில் இருக்கும் பாண்டிகளே, கொஞ்ச நாளைக்கு சத்தியவேடு பக்கம் தலைகாட்டாதீர்கள். எனக்கு லைசென்ஸ் கிடைத்தால், அது உங்களைச் சுடத்தான்.