மரக்காணத்துத் தண்ணீர்

போன வருடம் ஐப்பசி மாதம், திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மூளையில் ரத்தம் கசிந்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் என் மனைவி இறந்துபோனாள். அவளைக் கொண்டுவந்து கிடத்திய கூடத்தில்தான் அவளுடைய கடல் மீன் தொட்டியும் இருந்தது.

பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு அதுதான் எல்லாம். உப்புத் தண்ணீர், பவளம், வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மஞ்சள் மீன். ஒரு மீனை விட்டால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருப்பாள். “தொட்டி பழகணுங்க, அவசரப்பட்டா எல்லாம் போயிடும்” என்பாள். தீனியும் அப்படித்தான். காலையில் அலை மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு சிட்டிகை. அது தீர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் மோட்டாரைப் போடுவாள். கூட்டேரிப்பட்டில் மல்லாட்டை பயிரிடும் என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், வரும்போதெல்லாம், “மீன் வாங்கினா கொழம்பு வைக்கணும் பாப்பா, கண்ணாடியில வச்சிக்கினு கும்புடக் கூடாது” என்று சீண்டுவார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தத் தொட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

சாவு வீட்டில் அடுப்பு எரியாது. வந்தவர்கள் அழுது ஓய்ந்து நிமிர்ந்தால் கண்ணெதிரே மீன்கள். ஆளைக் கண்டால் அவை தீனிக்காகக் கண்ணாடியில் வந்து முட்டும். “வாயில்லா ஜீவன், அவ கையால தின்னதுங்க, பட்டினியா கெடக்குதே” என்று ஒரு அத்தை சிட்டிகை தீனி போட்டார். பின்னால் வந்தவரும் போட்டார். ஊரே போட்டது. எல்லாம் பாசம்தான்.

உடலை எடுத்ததும் வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது குடம், அண்டா எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்காக அவள் உப்புக் கலந்து வைத்திருந்த கேன்களும் காலி. “சாவு வூட்டுத் தண்ணிய யாராச்சும் வச்சிக்கினு இருப்பாங்களாப்பா” என்றார் என் பெரியம்மா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் விடிந்தபோது தொட்டி கஞ்சித் தண்ணீராகக் கலங்கியிருந்தது. பவளங்கள் சுருங்கிவிட்டன. மஞ்சள் மீன் செத்து மிதந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முந்தின நாள் முழுக்கக் கல்லாக இருந்த நான் அப்போதுதான் உடைந்து அழுதேன். அவள் விட்டுப்போன உயிர் இவை மட்டும்தான், இவையும் போகின்றனவே என்று.

புதுச்சேரியில் அவள் மீன் வாங்கும் கடைக்குப் போன் செய்தேன். தின்னாத தீனி அழுகித் தண்ணீர் விஷமாகிவிட்டது, உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிழைக்காது என்றார் கடைக்காரர். வீட்டில் தொட்டிக்குக் கலக்கும் உப்புப் பாக்கெட் தீர்ந்திருந்தது. கடைக்கு ஓடவும் வழியில்லை. பால் தெளித்து, சாம்பலை எடுத்துப் போய்க் கடலில் கரைக்க எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். மச்சான் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மரக்காணத்தில் கரைத்தோம். கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். வேனுக்கு வந்த பிறகுதான் மச்சானைக் காணோம் என்று தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில், அலை தள்ளத் தள்ள எழுந்து நின்று, அவளுடைய அந்தக் காலிக் கேன்களை முக்கி நிரப்பிக்கொண்டிருந்தார். காலையிலேயே யாருக்கும் சொல்லாமல் வேனில் ஏற்றியிருக்கிறார்.

எல்லோரும் கரைக்குத் திரும்பி ஓடினோம். கூட வந்த அவருடைய சித்தப்பா பதறிப்போனார். “காரியத்துக்கு வந்த எடத்திலேர்ந்து எதையும் வூட்டுக்கு எடுத்தாரக் கூடாதுப்பா.”

“அவளையே கொண்ணாந்து வுட்டுட்டோம் சித்தப்பா. இந்தத் தண்ணியால இன்னா ஆயிடப் போவுது” என்றார் மச்சான். “ஜல்தி புடிங்க மாப்ள” என்று என் பக்கம் ஒரு கேனை நீட்டினார். முந்தின நாள் பாப்பாவைத் தூக்கிப்போன தோள், அன்று கேன்களையும் தூக்கியது.

கடைக்காரர் போனில் சொல்லச் சொல்ல, இருவரும் தண்ணீரை மாற்றினோம். ஆனாலும் சின்னக் கோமாளி மீன் அன்று மாலையே போய்விட்டது. பெரியது மட்டும் பிழைத்தது. இன்றும் என்னைக் கண்டால் கண்ணாடியில் வந்து முட்டுகிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு சிட்டிகை போடுகிறேன். இதற்கு ஒரு ஜோடி விடலாமே என்கிறார் கடைக்காரர். இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உப்புப் பாக்கெட் வாங்குவதை விட்டுவிட்டேன். தண்ணீர் மாற்ற வேண்டிய போதெல்லாம் மச்சானும் நானும் மரக்காணம் போய் வருகிறோம். கடலில் விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா என்ன; இருந்தும் அந்தக் கேனை வீட்டு வாசலில் இறக்கும்போதெல்லாம், அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரிதான் இருக்கிறது.