ஒற்றை ஆளுக்கு ரூம்

வீட்டுச் சத்தத்திலிருந்து தப்பி ஒரு நாள் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம் என்று கன்னியாகுமரிக்குப் போனேன். இரண்டு லாட்ஜில், தனியாக வந்த பெண்ணுக்கு அறை தர மாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். மூன்றாவது லாட்ஜின் மேனேஜர் என் ஆதார் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குழித்துறையா? பஸ்ஸு ஏறினா வீடு. பின்ன எதுக்கு ரூமு? வீட்டுல சண்டையா?"

"கடலு பாக்க."

அவர் நம்பவில்லை. ஆனாலும் சாவி தந்தார். எனக்கும் அவரை நம்ப மனம் வரவில்லை. கேமரா ஏதும் வைத்திருக்கிறானோ என்று கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன். கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டி, "சாயா வேணுமா?" என்றார். பிறகு மறுபடியும் தட்டி, "சாப்பிட்டாச்சா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புழுக்கம் தாங்காமல் சுவிட்சைப் போட்டேன். மூலையிலிருந்த டேபிள் ஃபேன் சுற்றியது. அண்ணாந்து பார்த்தால் மேலே ஃபேன் இல்லை. அதை மாட்டும் கொக்கியையும் அறுத்து எடுத்து, அந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஒற்றையாக வருகிறவர்களுக்கென்றே வைத்திருக்கும் அறை அது.

அடுத்த முறை தட்டியதும் கதவை விரியத் திறந்தேன்.

"அண்ணாச்சி, நான் சாக வரல்ல. கடலு பாக்கத்தான் வந்தேன்."

அவர் என்னைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"முன்ன வந்த பிள்ளையும் கடலு பாக்கத்தான் வந்தேன்னு சொல்லிச்சு."