தயாளினி அக்கா திருத்திய காங்கேசன்துறை

தயாளினி அக்காவிடம் யார் பேசினாலும் மூன்றாவது வசனத்துக்குள் "நீங்கள் எவடம்?" என்று கேட்டுவிடுவார். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருபவரிடமும் கேட்பார், மின்சார மானி பார்க்க வருபவரிடமும் கேட்பார். எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவர் இருப்பார். அவருடைய சொந்த ஊர் சண்டிலிப்பாய். புகையிலை செய்த குடும்பம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சுகள் வந்துபோனதைப் பற்றிக் கேட்டால், "ஊர் சரியெண்டால் ஆள் சரியில்லை, ஆள் சரியெண்டால் ஊர் சரியில்லை" என்று சொல்லிச் சிரிப்பார்.

யாழ்ப்பாண நகரில் இருக்கும் எங்கள் அலுவலகம் மரண அறிவித்தல்களை இணையத்தில் போடுகிறது. இறந்தவர்களின் படங்களை வெட்டி, துலக்கி, மாலை போடுவது என் வேலை. அக்காவின் வேலை ஊர்கள். ஒவ்வோர் அறிவித்தலிலும் 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட' என்றொரு வரி வரும். கணினி நிரல் அதைப் படித்து, எது ஊர்ப்பெயர், வரைபடத்தில் அது எந்த இடம் என்று கண்டுபிடிக்கும். பிறகு, எங்களிடம் பதிந்திருக்கும் அந்த ஊர்க்காரரின் கைபேசிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பும். தொடக்கத்தில் அது எங்கள் கொக்குவிலை மட்டக்களப்புக் கொக்குவிலில் கொண்டுபோய் வைத்தது. நகரத்துக்குள் காங்கேசன்துறை வீதியில் புடவைக்கடை வைத்திருந்தவரை, பன்னிரண்டு மைல் தள்ளித் துறைமுகத்துக்கே அனுப்பிவிட்டது. அக்கா அதைக் குழப்படிப் பிள்ளையைப் போலத்தான் நடத்துவார்.

"உவனுக்குப் பக்கத்திலை என்ன சொல் கிடக்கெண்டு பாக்கிற பழக்கமே இல்லை, தேனுஜன். 'வீதி' எண்டு வடிவா எழுதிக் கிடக்கு. கண் என்ன பிடரியிலையே?"

நிரலை எழுதிய றஜிந்தன் அடுத்த மேசையிலிருந்து, "உவனுக்குக் கண் வைக்கத்தானே அக்கா உங்களுக்குச் சம்பளம்" என்பான்.

நிரல் தனக்குச் சந்தேகமான இடங்களைச் சிவப்பில் காட்டும். சிவப்பில்லாத திரையைப் பார்த்தால்தான் அக்காவுக்கு மதியச் சோறு இறங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருடைய தொலைபேசி அடித்தது. எப்போதும்போல் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்துக்கொண்டு பேசினார்.

"பிள்ளை, நான் சண்டிலிப்பாயிலை இருந்து கனகரத்தினம். நேற்று என்ரை மனிசி மகாதேவியின்ரை அறிவித்தல் போட்டனீங்கள்."

"ஓம் ஐயா, போட்டிட்டம்."

"அயலட்டைச் சனமெல்லாம் வந்திருக்கு. எங்கடை காங்கேசன்துறை ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை. ரண்டு மணிக்கு எடுக்கப்போறம். அவளோடை ஒரே ஒழுங்கையிலை வளந்த பெட்டையள் வந்து வாய்க்கரிசி போடாமல் நான் எப்பிடிப் பிள்ளை அவளை அனுப்பிறது? நம்பருகள் எல்லாம் அவளின்ரை போனுக்கை. அதைத் திறக்க எனக்கும் தெரியேல்லை, மகளுக்கும் தெரியேல்லை."

அக்கா திரையைப் பார்த்தார். காங்கேசன்துறைக்குச் செய்தி போய்த்தான் இருந்தது. இந்தியக் கப்பலுக்குப் பயணச்சீட்டுக் கொடுக்கும் பெடியனுக்கு, துறைமுகக் காவலாளி ஒருவருக்கு, அண்மையில் அங்கே வாடகைக்கு வந்த சில குடும்பங்களுக்கு. மகாதேவியைத் தெரிந்த எவருக்கும் போகவில்லை.

"எங்கை உந்தச் சனமெல்லாம்?" என்று முணுமுணுத்த அக்காவின் கை அப்படியே நின்றது.

தொண்ணூறில் போரால் இடம்பெயர்ந்த காங்கேசன்துறைக்காரர் பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று வலிகாமமெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். எங்களிடம் பதியும்போது, 'ஊர்' என்ற இடத்தில் அவர்கள் எல்லோரும் காங்கேசன்துறை என்றே எழுதியிருந்தார்கள். கைபேசியோ வேறோர் இடத்தைக் காட்டியது. இரண்டும் பொருந்தவில்லை என்று நிரல் அவர்களைச் சிவப்பாக்கியது. போன மாதம் அக்கா ஒரே இருப்பில் இருந்து, ஒவ்வொருவரின் ஊரையும் அவர் இருக்கும் இடமாக மாற்றிவிட்டிருந்தார்.

"நான்தான் துடைச்சனான், தேனுஜன்" என்றார். "காணுற ஆக்களையெல்லாம் எவடம் எண்டு கேக்கிறன். எழுதித் தந்தவையை நம்பேல்லைப் பார்."

"பழைய பிரதி இருக்கு அக்கா. எடுத்துத்தாறன், ஆனா பின்னேரமாகும்" என்றான் றஜிந்தன்.

"பின்னேரம் எடுத்து ஆரைக் கூப்பிடுறது? சாம்பல் அள்ளவோ?"

அக்கா ஊர்களை மாற்றிய அன்று அவர்கள் எல்லோருக்கும் ஒரு தானியங்கிச் செய்தி போயிருந்தது. பண்டத்தரிப்பிலிருந்து அருமைநாயகி என்றொரு அம்மா மட்டும் அழைத்து, மூச்சு விடாமல் ஏசியிருந்தார். அக்கா அந்த இலக்கத்தை 'ஏச்சு அம்மா' என்று தன் கைபேசியில் சேமித்து வைத்திருந்தார், இனி எடுத்தால் பதில் சொல்லாமல் விடுவதற்காக. இப்போது தானே அழைத்தார்.

"ஆர், என்ரை ஊரைப் பறிச்ச பிள்ளையோ?"

"ஓம் அம்மா, நான்தான். பிறகு ஆறுதலா ஏசுங்கோ. மகாதேவி எண்டு ஒருத்தர் காலமாகிட்டா."

"எந்த மகாதேவி? எங்கடை ஊரிலை நாலைஞ்சு மகாதேவி."

அக்கா அறிவித்தலைப் பார்த்து வாசித்தார். "சீமெந்து ஆலையிலை வேலை செய்த கனகரத்தினத்தின்ரை மனிசி."

"ஐயோ, எங்கடை நெட்டைத் தேவி!" என்றொரு குரல் வந்தது, ஏசிய குரலே அல்லாத, ஒரு சிறுமியின் குரல் போல. மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்: "எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

"ரண்டுக்கு."

"நான் எல்லாருக்கும் சொல்லுறன். உன்ரை மெசினை விடு."

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் சண்டிலிப்பாய்க்கு விட்டார். கனகரத்தினம் வாசல் படலையடியில் நின்றார். உள்ளே கிரியைகள் முடிந்துகொண்டிருந்தன. ஐயர் மணிக்கூட்டைப் பார்ப்பதும், மகள் தகப்பனைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்று கனகரத்தினம் படலையில் நின்றபடியே சொன்னார். ஐயர் பொறுத்தார்.

முதலில் ஓர் ஓட்டோ வந்தது. பிறகு ஒரு வான், அதன் பின்னால் இன்னோர் ஓட்டோ. கதவைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து, ஒருவரையொருவர் பிடித்து இறங்கினார்கள். எவருக்கும் எழுபதுக்குக் குறையாது. கனகரத்தினம் உள்ளே திரும்பி, "பெட்டையள் வந்திட்டாளவை" என்றார்.

நோய் வருத்தமென்று ஒரு சொல் சொல்லாமல் போனதற்காக அருமைநாயகி மகாதேவியை ஏசிக்கொண்டே வாய்க்கரிசி போட்டார். அக்கா பந்தல் காலுக்குப் பின்னால் நின்று அழுதார். மகாதேவியை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

நாங்கள் ஆண்கள் சுடலையிலிருந்து திரும்பியபோது, அக்கா பந்தலுக்குள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அகப்பட்டிருந்தார். சுற்றிவரக் காங்கேசன்துறை நின்றது.

"உங்கடை ஊரை நாளைக்குக் காலமை மாத்திவிடுறன் அம்மா."

"இண்டைக்கு இரவு நான் செத்தால்?" என்றார் அருமைநாயகி. "பண்டத்தரிப்பு ஆக்கள் நல்ல சனம்தான், குறை சொல்லேலாது. ஆனா அவைக்கு நான் சின்னனிலை ஆரெண்டு தெரியுமே? இப்ப மாத்து."

அக்கா றஜிந்தனை அழைத்தார். "ஊருக்கு ஒரு பெட்டி, இருக்கிற இடத்துக்கு வேறையொரு பெட்டி வை. ரண்டும் பொருந்தாட்டில் உவன் சிவப்பாக் காட்டக்கூடாது."

"அப்ப வரைபடத்திலை காங்கேசன்துறையை எங்கை அக்கா குத்திறது?"

"ஆக்கள் எங்கையெங்கை இருக்கினமோ, அங்கையெல்லாம் குத்து."

பிறகு தன் கைபேசியிலேயே அருமைநாயகியின் ஊரை மாற்றினார். சற்று நேரத்தில் அந்த அம்மாவின் சேலை மடிப்புக்குள் 'டிங்' என்றது. அவர் கைபேசியை எட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். "ம்" என்றார். பிறகு பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டார்.

"அடுத்தது இவளைப் பதி, பிள்ளை. கெதியாப் பதி. இவள்தான் கிழமைக்கு ரண்டுதரம் ஆசுப்பத்திரிக்குப் போறவள்."