முதலில் வந்த தட்டு

எங்கள் காம்பிராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், மண்சட்டி தங்காது. கல்யாணம் கட்டி ஆறு வருடத்தில் எத்தனை உடைந்தது என்று நான் எண்ணவில்லை. பருப்புச் சட்டி சுவரில் பட்டுச் சிதறிய கறை இன்னும் இருக்கிறது. மேலே சுண்ணாம்பு அடித்தேன். மஞ்சள் மறுபடியும் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

என் புருஷன் அடிப்பது சாப்பாட்டு நேரத்தில்தான். மற்ற நேரம் பேசாமல் இருப்பார். பலாங்கொடையில் ஒரு மரக்காலையில் அவருக்கு மரம் அறுக்கும் வேலை. ஆறு மணி பஸ்ஸில் மலைக்கு வந்து இறங்குவார். நான் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு அதற்கு முன்னாலேயே வந்து, அட்டை கடித்த காலைக் கழுவி, அடுப்பு மூட்டுவேன். பெரிய சமையல் இல்லை. தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த ரொட்டி, மிளகாய் இடித்த கட்ட சம்பல். சோறு என்றால் பருப்பும் சுட்ட கருவாடும். அரை மணியில் முடிந்துவிடும்.

அவர் சாப்பிடுவார். நான் அடுப்புப் பக்கம் நிற்பேன். அவர் கை கழுவிய பிறகு நான் உட்காருவேன். எங்கள் லயத்தில் வரிசையாக உள்ள பன்னிரண்டு காம்பிராவிலும் அப்படித்தான். அதில் எனக்குக் குறை தோன்றியதில்லை. பசி மட்டும் இருக்கும்.

ரொட்டி தீய்ந்தால் அடி. சம்பலில் உப்புக் கூடினால் அடி. ஒரு குறையும் இல்லாத நாளில் என் வாயைப் பார்ப்பார்.

"எனக்கு முந்தித் தின்னியா?"

"இல்லீங்க."

"வாயத் தொற."

திறப்பேன். விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு தடவை பல்லில் தேங்காய்ப்பூ இருந்தது. உப்புப் பார்த்தது. அன்றைக்கு இடது பக்கக் கடைவாய்ப் பல் போனது.

காரணம் எனக்குத் தெரியும். காம்பிரா என் பெயரில் இருக்கிறது. தோட்டத்துச் செக்ரோலில், வேலையாள் பதிவில், பெயர் உள்ளவர்களுக்குத்தான் காம்பிரா. அவருக்குத் தோட்டத்தில் பெயர் இல்லை. என்னைக் கட்டிக்கொண்டு என் காம்பிராவுக்கு வந்தவர். மரக்காலையில் கேலி பண்ணுவார்களாம், "பொண்டாட்டி காம்பிராவுல என்னப்பா சாப்பாடு, போட்டாளா இன்னிக்கு?" என்று. அங்கே சிரித்துவிட்டு வருவார். இங்கே சட்டி உடையும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். சாப்பிடும்போது அடி விழக்கூடாது.

அதனால்தான் எனக்குக் கடைச் சாப்பாடு பிடித்தது. சம்பள நாளில் மட்டும் என்னை டவுனுக்கு வரச்சொல்வார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் கடை. நாலு மேசை. வாசலில் கொத்து ரொட்டி போடும் கல். ஆள் பார்க்கிற இடத்தில் அவர் அடிக்க மாட்டார். அங்கே அடி வாங்குவது ரொட்டி மட்டும்தான். கொத்து போடுகிற ஆள் இரண்டு தகட்டையும் தூக்கி அடிக்கிற அடியில் மேசைத் தண்ணீர் நடுங்கும். எனக்குத் தோள் இறங்கும். மாதத்தில் அந்த ஒரு மணி நேரம் முதுகை நாற்காலியில் சாய்த்து உட்கார்வேன்.

முதல் தடவை போனபோது இரண்டு தட்டும் ஒன்றாக வந்தது. அவர் தின்றார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் முடிக்கட்டும் என்று. தட்டு எடுக்கும் நரைத்த தாடிக்காரர், அண்ணன் முறைக்கு எல்லோரும் நானா என்பார்கள், இரண்டு தரம் வந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, புடிக்கல்லயா?"

நான் தலையை ஆட்டினேன். பிடித்திருக்கிறது என்றுதான் ஆட்டினேன். அவர் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு தட்டைத் தூக்கிப் போய்விட்டார். என் புருஷனுக்குச் சிரிப்பு. மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் பசியோடு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து மாவு பிசைந்தேன்.

"கடையில வாங்கிக் குடுத்தும் பத்தலயா ஒனக்கு?"

பிசைந்த மாவோடு என் தலையைச் சட்டிக்குள் அமுக்கினார். மூக்கில் மாவு போய் மூச்சு நின்றது. கொஞ்ச நேரம்தான்.

அடுத்த மாதம் நான் காத்திருக்கவில்லை. தட்டு வந்ததும் சாப்பிட்டேன். அவர் முறைத்தார். ஆனால் அவர் தட்டும் முன்னால் இருந்தது, சுற்றிப் பார்க்க ஆளும் இருந்தது. தன் தட்டுக்குத் திரும்பினார். அப்படி ஏழெட்டு மாதம் போனது. கோழிக் கொத்து, மேலே ஊற்ற ஆணம், குடிக்க பிளேன்டீ. எனக்கு அது பழகிவிட்டது. பழகியதுதான் பிசகு.

அன்றைக்கு மலையில் காலையிலிருந்து மழை. இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு நனைந்து ஒட்டியது. மதியம் சாப்பிடவில்லை. டவுனுக்கு இறங்கி வந்து உட்கார்ந்தேன். அவர் மாட்டிறைச்சிக் கொத்து கேட்டார். நான் முட்டைக் கொத்து. என் தட்டு முதலில் வந்துவிட்டது. ஆவி பறந்தது. நான் யோசிக்கவில்லை. கை போனது. மூன்று வாய் தின்றிருப்பேன்.

அடி காதில் விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தேன். தட்டு தரையில் கவிழ்ந்தது. கொத்துச் சத்தம் நின்றது. அந்தக் கடையில் அந்தச் சத்தம் நின்று நான் கேட்டதில்லை.

பக்கத்து மேசையில் ஒரு சிங்கள டிரைவர் எழுந்தார். "ஓய், கஹன்ன எபா!" என்றார், அடிக்காதே என்று. என் புருஷன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நானா வந்தார். தரையைப் பார்த்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்தார். உள்ளே போய் இன்னொரு தட்டு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். என் புருஷனுடையது இன்னும் வரவில்லை.

"தின்னுங்க தங்கச்சி. சூடா ஈக்கி."

கடை முழுக்கப் பார்த்தது. தின்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தின்னாவிட்டாலும் அதுதான். காதிலிருந்து கழுத்துக்கு ஏதோ வழிந்தது. வலது கையால் எடுத்து வாயில் வைத்தேன்.

அவர் அந்தக் கையைப் பிடித்தார். "இந்தக் கைதானே?" என்றார். மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார். இரண்டு விரல் முறிந்தது. முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி சத்தம். கொத்து போடுகிற ஆள் தகட்டைக் கையில் பிடித்தபடியே கல்லைத் தாண்டி வந்தார். டிரைவரும் வந்தார். இரண்டு பேருமாக அவரை இழுத்து ரோட்டில் போட்டார்கள். அவர் எழுந்து நடந்து போய்விட்டார்.

நான் இடது கையால் மிச்சத்தைச் சாப்பிட்டேன். பசி.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி என்று கேட்டார்கள். வழுக்கி விழுந்தேன் என்றேன். அதற்கு இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம்.

ஐந்து நாள் அவர் மரக்காலையிலேயே படுத்துக்கொண்டார். ஆறாவது நாள் சாயங்காலம் வந்தார். நான் ஒற்றைக் கையால் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் வட்டமாக வரவில்லை. முதல் ரொட்டியை எடுத்துக் கடித்தேன். அவர் வாசலில் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"ஒனக்கு இன்னும் புத்தி வரல."

முடியைப் பிடித்து அடுப்புப் பக்கம் தள்ளினார். என் முடி கருகுகிற மணம் எனக்கே வந்தது. இடது கையில் ரொட்டிக்கல்லின் பிடி பட்டது. வீசினேன். கல் அவர் கன்னத்தில் பட்டுச் சுர்ரென்றது. மறுபடியும் வீசினேன். பின்னுக்குத் தடுமாறிப் போய் இஸ்தோப்புத் திண்ணையில் விழுந்தார். மூன்றாவது தடவையும் அடித்தேன். அது தேவை இருக்கவில்லை. அடித்தேன்.

பிறகு சாம்பலில் கிடந்த ரொட்டியை எடுத்து ஊதினேன். வாசற்படியில் உட்கார்ந்து அவரைப் பார்த்தபடி தின்றேன். லயமே வெளியில் நின்றது. யாரும் கிட்டே வரவில்லை.

மறுநாள் தோட்டத் தலைவர் வீட்டில் பேச்சு. என் புருஷன் கன்னத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

"ஏம்மா, ஒரு தட்டு கொத்துக்கா இவ்வளவும்?" என்றார் தலைவர்.

"அவரக் கேளுங்க தலைவரே. தட்டு என்னோடது."

"புருஷன் தின்னப்புறம் தின்னா கொறஞ்சா போயிருவ?" என்றான் ஒருவன்.

அடுத்த காம்பிரா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கத்தினார். "ஆறு வருஷமா அவன் ஒடச்சப்ப ஒங்க ஒருத்தனையும் காணோம். இவ ஒருநாள் அடிச்சதும் நாற்காலி போட்டுட்டீங்களோ!"

தலைவர் கையைக் காட்டி அடக்கினார். சமாதானமாகப் போகச் சொன்னார். "கூட்டிக்கிட்டுப் போம்மா. எங்க போவான் அவன்?"

"வரட்டும்," என்றேன். "காம்பிரா என் பேர்ல இருக்கு. நான் தின்னு கை கழுவினப்புறம்தான் அவருக்கு. சம்மதமான்னு கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. உடுப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு மத்தியான பஸ்ஸில் இறங்கிவிட்டார்.

விரல் இரண்டும் சரியாக மடங்குவதில்லை. கொழுந்து குறைகிறது. சில நாள் அரைப் பெயர்தான் விழுகிறது, பாதிச் சம்பளம். இரவில் சோறு வடித்து, கருவாட்டைத் தணலில் சுட்டு, சட்டியோடு மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன். வெளியில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் வாய் நின்றுவிடும். போகட்டும் என்று மறுபடியும் மெல்வேன்.

சம்பள நாளில் தனியாகவே அந்தக் கடைக்குப் போகிறேன். போன மாதம் அவர் வந்தார். கன்னத்தில் தழும்பு. என் மேசைக்கே வந்து எதிரில் உட்கார்ந்தார். எனக்குக் காது அடைத்தது. கை தானாக மடிக்குப் போனது.

நானா வந்து நின்றார். கொத்து போடுகிற ஆளும் தகட்டை நிறுத்திப் பார்த்தார்.

"ஒன்டா ரெண்டா தங்கச்சி?"

மடியிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தேன். கோணல் விரல் அவருக்குத் தெரியட்டும் என்று.

"எனக்கு ஒன்னு நானா. முட்டைக் கொத்து. அவருக்கு வேணும்னா அவரு கேப்பாரு."

அவர் கேட்கவில்லை. என் தட்டு வந்தது. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்துத் தின்றேன். பாதித் தட்டு முடியும்போது எழுந்து போய்விட்டார். கொத்துச் சத்தம் திரும்பத் தொடங்கியது. நான் ஆணம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.