அம்மாவிடம் இருந்த இரண்டு ஓட்டு

இப்போதெல்லாம் தேர்தல் வந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் சண்டை நடக்கிறது. கோபித்துக்கொண்டு ஒருவர் வெளியேறுவார். மறுநாள் காலையில் யாராவது அவரைத் திரும்பச் சேர்த்து, பூப்போட்ட காலை வணக்கம் ஒன்றையும் அனுப்பிவைப்பார்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இந்த வசதி கிடையாது. சண்டை போட்டவர்களும் ஒரே வாசலில்தான் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது.

அப்போது நாங்கள் சுவா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா அங்கே மண்டோர். குலை வெட்டுகிறவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, அது நடக்கிறதா என்று பார்ப்பார். அம்மா செம்பனை நாற்றுகளுக்குத் தண்ணீர் விடும் வேலைக்குப் போய்வந்தாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டினார். கல்யாணம் ஆகாதவர். படுக்கை பக்கத்து வீட்டில், சாப்பாடு எங்கள் வீட்டில்.

அப்பா ஆளுங்கட்சி. தோட்டத்துக்குக் குழாய் வந்ததும் கோயிலுக்குக் கூரை வந்ததும் அவர்களால்தான் என்பார். மாமா எதிர்க்கட்சி. குழாய் வந்தது சரி, மத்தியானமானால் தண்ணீர் எங்கே போகிறது என்பார். ஒரே சட்டியில் இருந்து மீன்கறி ஊற்றிக்கொண்டு இருவரும் வருஷக்கணக்கில் இதையே பேசிவந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்த முறை தேர்தல் அறிவிப்பு வந்ததும் அப்பா வீட்டு முன்னால் ஆளுங்கட்சிக் கொடியைக் கட்டினார். மாமா தன் மோட்டார் சைக்கிளில் எதிர்க்கட்சிக் கொடியைக் கட்டி, அதை அப்பாவின் கொடிக்கு நேர் கீழே நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார்.

"என் வாசல்ல அந்தக் கொடிய நிறுத்தாத" என்றார் அப்பா.

மாமா சோற்றில் வைத்த கையை எடுத்தார். எழுந்து கையைக் கழுவினார். மோட்டாரைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஓட்டுப் போடும் நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் குட்டித் தம்பிக்குக் காதுகுத்து என்று முன்பே முடிவாகியிருந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் என்று இருந்தது மாமா ஒருவர்தான்.

"வரலன்னா போவட்டும் லா. கெமாஸ்ல ஒன் சித்தப்பா மவன் இருக்கான்ல, அவன் மடியில வெச்சுக்கலாம்" என்றார் அப்பா. அம்மா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவிய மீன் அது.

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அம்மா கோப்பி கொண்டுவந்தாள். நான் படியில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இந்த வாட்டி ஒங்க கட்சிக்கே போட்டுர்றேன்" என்றாள் அம்மா. "ஆனா எந்தம்பிய நீங்களே போயிக் காதுகுத்துக்குக் கூப்புடணும்."

"நானாவா?"

"நீங்கதான். இல்லன்னா என் ஓட்டு எங்க போவும்னு எனக்கே தெரியாது."

அப்பா கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "சரி, பார்ப்போம்" என்றார். அப்பா 'பார்ப்போம்' என்றால் பாதி ஒத்துக்கொண்டார் என்று பொருள்.

அன்று சாயங்காலம் அம்மா சாப்பாடு எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"தம்பி, இந்தத் தடவ ஒங்கட்சிக்குத்தான் பங்கா போடப்போறேன்" என்றாள் அம்மா. ஓட்டுச்சீட்டில் போடும் பெருக்கல் குறிக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவாக்கா?"

"நெஜமாத்தான். ஆனா அவரு வந்து கூப்புட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. ஒடனே வர்றேன்னு சொல்லணும்."

இரண்டையும் கேட்டவள் நான் ஒருத்திதான். எனக்குத் தலை சுற்றியது. போன வாரம்தான் பல் துலக்காமலே துலக்கிவிட்டேன் என்று சொன்னதற்கு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருந்தேன். பொய் சொன்னால் கிள்ளுகிறவள் பொய் சொல்வாளா? அப்படியென்றால் அப்பாவிடம் சொன்னது உண்மையா, மாமாவிடம் சொன்னதா? இரண்டு நாள் இதே யோசனையாக இருந்தது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சரிடமே கேட்டுவிட்டேன்.

"டீச்சர், ஒரு ஆளுக்கு எத்தன ஓட்டு?"

"ரெண்டு" என்றார் டீச்சர். "நாடாளுமன்றத்துக்கு ஒன்னு, சட்டமன்றத்துக்கு ஒன்னு. ரெண்டு தாள் கொடுப்பாங்க. ஏம்மா, நீ நிக்கப்போறியா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு அது காதில் விழவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு! அப்பாவுக்கு ஒன்னு, மாமாவுக்கு ஒன்னு!"

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சட்டென்று சிரித்துவிட்டாள். "வாய மூடு. யார்ட்டயும் சொல்லிப்புடாத" என்றாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? தோட்டத்திலேயே பெரிய அரசியல் ரகசியம் என்னிடம் இருந்தது.

அப்பா மாமாவைக் கூப்பிடப் போன காட்சியையும் வேலியோரமாக நின்று பார்த்தேன். போனதும், "ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்டார். "எந்த நம்பர்?" என்றார் மாமா. அப்பா யோசித்தார்.

"ஞாயித்துக்கெழம காதுகுத்து. தெரியும்ல."

"தெரியும்."

"வந்துரு."

"வர்றேன்."

அவ்வளவுதான். அப்பா ஸ்பேனர் வாங்காமலே திரும்பிவந்தார்.

ஓட்டுப் போடும் நாள் அன்று சுவாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அப்பா சீக்கிரமே போட்டுவிட்டு வந்து, குட்டித் தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வெயிலில் நின்றார். அம்மா ஓட்டுப் போடும் வகுப்பறையின் ஜன்னல் நாங்கள் நின்ற இடத்துக்கு நேராக இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசை மேலும் ஓர் அட்டைத் தடுப்பு. அம்மா இரண்டு தாளோடு ஒரு தடுப்புக்குப் போய்க் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள். அப்படியே நின்றாள்.

பக்கத்துத் தடுப்புக்கு ஓர் அக்கா வந்து, போட்டுவிட்டுப் போனார். அடுத்து ஒரு மலாய்க்கார அம்மா வந்தார், அவரும் போய்விட்டார். எங்கள் அம்மா மட்டும் அசையவில்லை.

"ரெண்டு பங்கா போட இவ்ளோ நேரமா லா?" என்றார் அப்பா. உள்ளே இருந்த அதிகாரியும் தலையைத் தூக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அம்மா தாள்களை மடித்துக்கொண்டு மெதுவாகப் பெட்டிக்கு நடந்தாள்.

முடிவு வந்தது. எங்கள் வீட்டில் ஒருவர் சிரித்தார், ஒருவர் சிரிக்கவில்லை. ஆனால் அம்மா தன் பக்கம் என்ற நம்பிக்கை இரண்டு பேருக்குமே இருந்ததால் யாரும் சத்தம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் குட்டித் தம்பி மாமா மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினான். அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டது அப்பா. மாமாவின் புது வேட்டி நனைந்துபோனதைப் பார்த்து அப்பாவும் மாமாவும் சேர்ந்து சிரித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மாமா என் காதில், "ஒங்கம்மா நம்ம கட்சி, தெரியுமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் அதையே சொன்னார். இரண்டு பேரிடமும் தலையாட்டினேன்.

மத்தியானம் அம்மா வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, நாடாளுமன்றம் யாருக்கு? சட்டமன்றம் யாருக்கு?"

"அது என்கிட்டயே இருக்கட்டும்."

"அப்ப ஏன் அவ்ளோ நேரம் நின்னீங்க? யாருக்குப் போடுறதுன்னு தெரியலயா?"

"பங்கா அப்பவே போட்டு முடிச்சிட்டேன்" என்றாள் அம்மா. "அப்பறம் சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன்."

"சும்மாவா?"

"ஆமா. அங்க யாரும் கூப்புட மாட்டாங்கல்ல."

முன்பக்கமிருந்து அப்பா, "இந்தா, தண்ணி கொண்டா" என்றார். "அக்கா, எனக்கு ஒரு கோப்பி" என்றது மாமாவின் குரல். குட்டித் தம்பி விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அந்த வகுப்பறையை நினைத்துப் பார்த்தேன். உட்கார நாற்காலி இல்லை. காற்றாடி ஓடவில்லை. பார்ப்பதற்கு அட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே போய் ஒரு ஆள் ஏன் சும்மா நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.